நம் காலடியில் கண்ட அதிசயம்

(சங்க ஆண்டு விழாவில் இரயில்வே எழுத்தர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

     

அண்மைக்கால விஞ்ஞான விந்தைகளைப் பற்றி எளிய தமிழில் பேச வேண்டும் என்று நம் செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். நான் மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே படித்தவன். பயணச்சீட்டுக் கணக்கும் சரக்குக் கணக்கும் எழுதி வயிறு வளர்ப்பவன். “பட்டம் பெற்றவர்கள் பலர் இருக்க என்னை ஏன் அழைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “படித்தவர் பேசினால் படித்தவருக்குப் புரியும், நீர் பேசினால் எல்லோருக்கும் புரியும்” என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். அவர் சொல்லைத் தட்ட இயலாமல் உங்கள் முன் நிற்கின்றேன்.

விந்தை என்றதும் நம் மனம் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் பறக்கின்றது. நானும் இன்று உங்களை அங்கெல்லாம் அழைத்துச் செல்லத்தான் போகின்றேன். ஆனால் நம் வண்டி புறப்படும் நிலையம் சாம்பியன் ரீப்ஸ். உலக விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற்ற ஒரு கண்டுபிடிப்பு இந்த மண்ணின் அடியில், 7,600 அடி ஆழத்தில், 1965ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. தங்கம் விளைந்த பூமி என்று நம் ஊரை உலகம் அறியும். நியூட்ரினோ என்னும் நுண்துகள் அகப்பட்ட பூமி என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அதைச் சொல்லவே வந்தேன்.

கணக்கில் விழுந்த துண்டு

நியூட்ரினோ என்பது யாது? என் தொழிலைக் கொண்டே சொல்கின்றேன்.

பயணச்சீட்டு அலுவலகத்தில் பணி முடியும்போது கணக்கை முடிக்க வேண்டும். விற்ற சீட்டுக்கும் பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் ஒரு காசு வேற்றுமையும் இருத்தலாகாது. இயற்கையும் அத்தகைய கண்டிப்பான கணக்கரே. சக்தி புதிதாகத் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாறும், அவ்வளவே. இவ்விதிக்கு விலக்குக் கண்டவர் எவருமில்லை.

ஆனால் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானிகளை ஒரு கணக்கு வாட்டியது. சில அணுக்கள் தம் கருவிலிருந்து எலக்ட்ரானை வெளியே வீசுகின்றன. அணு இழந்த சக்தி முழுவதும் அந்த எலக்ட்ரானிடம் இருந்தாக வேண்டும். அளந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பங்கு குறைந்தது. அதுவும் ஒரே அளவாகக் குறையாமல் ஒரு முறை அதிகமாகவும் ஒரு முறை சிறிதாகவும் குறைந்தது. பெட்டியில் துண்டு விழுந்தது! நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரே, அணுவுக்குள் சக்தி விதி முழுமையாகச் செல்லாதோ என்று ஐயுறத் தொடங்கினார்.

1930ஆம் ஆண்டு டிசம்பரில் பவுலி என்னும் அறிஞர் ஒரு கடிதத்தில் புதியதொரு யோசனையை எழுதினார். கணக்கில் பிழையில்லை, மின்னேற்றம் அற்றதும் கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாததுமான ஒரு துகள் அந்தப் பங்கை எடுத்துக்கொண்டு வெளியேறுகின்றது என்பதே அவர் கருத்து. சீட்டு வாங்காமல், எந்த வாயிலிலும் தடைபடாமல், எவர் மீதும் இடிக்காமல் நிலையத்தைக் கடந்து போகும் ஒரு பயணியைக் கற்பனை செய்யுங்கள். அவரே நியூட்ரினோ. இத்தாலிய அறிஞர் பெர்மி அதற்கு அப்பெயரை வழங்கினார். நடுநிலையான சின்னஞ்சிறு துகள் என்பது பொருள்.

கதிரவனின் நடுவில் நிகழும் அணுச்சேர்க்கையில் இத்துகள்கள் அளவின்றிப் பிறக்கின்றன. உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்தின் வழியே ஒவ்வொரு விநாடியும் சுமார் 6,000 கோடி நியூட்ரினோக்கள் பாய்ந்து செல்கின்றன. நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நம் ஒவ்வொருவர் உடலின் வழியாகவும் சென்றவற்றின் தொகையை எழுதப் புகுந்தால் சுழிகளே மிஞ்சும். இரவிலும் அவை ஓய்வதில்லை. பூமியின் மறுபுறம் புகுந்து, பூமி முழுவதையும் ஊடுருவி, நம் பாயின் அடியிலிருந்து மேலே எழுந்து போகின்றன. அவற்றால் நமக்கு ஊறுமில்லை, உறுத்தலுமில்லை.

எதிலும் சிக்காத ஒன்றை எப்படிப் பிடிப்பது? பிடிக்கவே முடியாததைக் கற்பித்துவிட்டோமே என்று பவுலியே வருந்தினாராம். ஆயினும் கோடானுகோடிப் பயணிகள் கடந்து போனால் அவருள் ஒருவராவது தவறிப்போய்த் தூணில் மோதமாட்டாரா? அந்த நம்பிக்கையே வழிகாட்டியது. 1956ஆம் ஆண்டு கோவன், ரைன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஓர் அணு உலையின் அருகே கருவிகளை வைத்து, உலையிலிருந்து வந்த நியூட்ரினோக்களை முதன்முதலாகக் கண்டனர். அது மனிதன் மூட்டிய உலையில் பிறந்த நியூட்ரினோ. இயற்கையில் தானே பிறக்கும் நியூட்ரினோவைக் காணும் பணி எஞ்சியிருந்தது.

சுரங்கத்தை நாடியது ஏன்?

விண்வெளியிலிருந்து அண்டக்கதிர்கள் என்னும் வேகம் மிக்க துகள்கள் இடைவிடாமல் பூமியின் மேல் பொழிகின்றன. அவை காற்று மண்டலத்தில் மோதும்போது பலவகைத் துகள்கள் சிதறுகின்றன. அவற்றுள் மியூவான் என்பது ஒன்று, நியூட்ரினோ என்பது மற்றொன்று. மியூவான்கள் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒன்று வீதம் தரையை அடைகின்றன. கருவியை வீட்டுக் கூரையில் வைத்தால் இந்த மியூவான் மழையின் ஓசையில் நியூட்ரினோவின் மெல்லிய காலடி கேட்காது. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஊமை ஒருவரைத் தேடுவது போலாகும்.

ஆதலால் மியூவான்களைத் தடுக்கும் கூரை ஒன்று வேண்டும். பாறையைவிடச் சிறந்த கூரை எது? மண்ணுக்குள் இறங்க இறங்க மியூவான்கள் குறையும், நியூட்ரினோக்களோ குறைவதேயில்லை. உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று நம்முடையது. சாம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கியது. நம் பாறை கெட்டியானது, எடை மிக்கது, ஏறத்தாழ ஒரே சீரானது. இவ்வளவு பொருத்தங்களும் ஒருங்கே அமைந்த இடம் வேறெங்கும் எளிதில் கிட்டாது.

இதை முதலில் கருதியவர் இந்திய அணு ஆராய்ச்சியின் தந்தை ஹோமி பாபா அவர்கள். அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்தபோதே அண்டக்கதிர்களை ஆராய்ந்தவர். பின்னர் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அவருடைய மாணவர் பி. வி. ஸ்ரீகண்டன், மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தவர். அவரே 1951இல் இங்கே வந்து, கருவிகளுடன் சுரங்கத்தில் இறங்கி, மியூவான்கள் எந்த ஆழத்தில் எவ்வளவு குறைகின்றன என்று அளக்கத் தொடங்கினார். 1960ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிய அறிஞர் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் மேலும் ஆழத்தில் அளந்தனர். மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட அவர்கள் கருவியில் பதியவில்லை. கருவி ஒன்றையும் காணாதிருந்ததே அவர்களுக்கு நற்செய்தியாயிற்று. இத்துணை அமைதி நிலவும் இடத்தில் இனி ஏதேனும் ஓர் ஒளி மின்னினால், அது நியூட்ரினோ வந்த அடையாளமாகவே இருக்கக்கூடும் அன்றோ?

1965ஆம் ஆண்டு நிகழ்ந்தது

டாடா நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் ஒன்றுகூடினர். எம். ஜி. கே. மேனன், மியாகே, உல்பெண்டேல் ஆகியோர் முன்னின்றனர். ஹீத்கோட் ஷாப்டின் வழியே இறங்கி, 7,600 அடி ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம். அத்தகைய விமானங்கள் முப்பத்தைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழம் அது.

கருவியின் அமைப்பை எளிதாகச் சொல்லிவிடலாம். துகள் பாய்ந்தால் மினுக்கென்று ஒளிரும் ஒருவகைப் பிளாஸ்டிக் பலகைகளைக் கொண்டு எதிரெதிரே இரண்டு சுவர்கள் எழுப்பப்பட்டன. இடையே நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களும் ஈயத் தகடுகளும் வரிசையாக வைக்கப்பட்டன. இரு சுவர்களும் ஒரே சமயத்தில் மினுக்கினால், நியான் குழாய்களுக்கு மின்சாரம் பாயும். துகள் சென்ற வழியிலுள்ள குழாய்கள் மட்டும் ஒளிரும். புகைப்படக் கருவி அதைப் படம் பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மேலிருந்து வரும் மியூவான் நேராக இறங்கினால்தான் அவ்வளவு ஆழம் எட்டும். சாய்ந்து வந்தால் கடக்க வேண்டிய பாறையின் நீளம் கூடிவிடும், நடுவழியிலேயே அடங்கிவிடும். ஆகவே கருவி பக்கவாட்டில் நோக்கி வைக்கப்பட்டது. பக்கவாட்டிலிருந்து ஒரு மியூவான் வந்தால் அது வானத்திலிருந்து வந்ததாக இருக்கவியலாது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ ஒன்று பாறையை ஊடுருவி வந்து, கருவிக்கு அருகில் ஓர் அணுவில் மோதி, அங்கே அந்த மியூவானைப் பிறப்பித்திருக்க வேண்டும். மியூவானைத் தடுக்கும் கூரையும் பாறையே. நியூட்ரினோவை மோதச் செய்த தூணும் பாறையே!

அப்படியே நிகழ்ந்தது. 1965ஆம் ஆண்டின் முற்பகுதியில் படச்சுருளில் பக்கவாட்டுத் தடங்கள் தென்பட்டன. ஆகஸ்டு 15 நாளிட்ட விஞ்ஞான இதழில் அச்செய்தி வெளிவந்தது. அதே சமயத்தில், முன்பு அணு உலையில் நியூட்ரினோவைக் கண்ட ரைன்ஸ், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த மற்றொரு தங்கச் சுரங்கத்தில் இதே வேட்டையில் ஈடுபட்டிருந்தார். அவருடைய கட்டுரை ஆகஸ்டு 30இல் வெளிவந்தது. கருவியில் முதலில் தடம் கண்டது அவர்கள் குழு. அச்சில் முதலில் அறிவித்தது நம் சுரங்கத்துக் குழு. நடுநிலையோடு சொன்னால், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைக் கண்ட பெருமை இரண்டு தங்கச் சுரங்கங்களுக்கும் உரியது.

ஒரு செய்தியை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆழத்தில் தங்கம் எடுக்கத் தொழிலாளர் இறங்காதிருந்தால் அந்த ஆழமே உலகில் இருந்திராது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கங்களுக்கு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, லைன் வீடுகளில் குடியிருந்து, பாறையைக் குடைந்தவர்கள் நம் பாட்டனார்கள். ராக் பர்ஸ்டிலும் வெப்பத்திலும் உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் இங்கிருந்து வெளியேறியது. அதோடு அவர்கள் விட்டுச் சென்ற வெற்றிடம், அந்தக் குடைந்த இருட்டு, விஞ்ஞானத்திற்குத் தங்கத்தினும் அரிய கொடையாயிற்று.

புரோட்டான் சாகுமா?

கதை அதோடு முடியவில்லை. எல்லாப் பொருள்களுக்கும் அடிப்படையாய் நிற்கும் புரோட்டான் என்றென்றும் அழியாதது என்று நெடுநாள் நம்பியிருந்தனர். 1970களில் அறிஞர் சிலர் அதுவும் ஒரு காலத்தில் சிதையலாம் என்று கணித்தனர். அதைச் சோதிக்கவென்றே அமைக்கப்பட்ட பெரிய கருவிகளுள் உலகில் முன்னோடியானது 1980இல் நம் சாம்பியன் ரீப்பில் நிறுவப்பட்டது. இரும்புத் தகடுகளை அடுக்கடுக்காக வைத்து, இடையே துகளை உணரும் குழாய்களைச் செருகி, 140 டன் எடையில் அதைக் கட்டினர். பின்னர் 260 டன்னில் மற்றொன்றும் எழுந்தது.

என் தந்தையார் அச்சுரங்கத்தில் பணிபுரிந்தவர். அந்த இரும்பு கேஜில் இறங்கிய நாட்களைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கின்றார். “மேலே கொண்டுவர வேண்டியதைத்தான் இவ்வளவு காலம் இறக்கி ஏற்றினோம், இப்போது கீழேயே வைப்பதற்கென்று இரும்பை இறக்குகிறோமே, இவர்கள் என்னதான் தேடுகிறார்கள்?” என்று தோழர்கள் தமக்குள் கேட்டுக்கொள்வார்களாம். “சாகாத ஒன்று சாகுமா என்று பார்க்கிறார்கள்” என்று ஒருவர் சொன்னாராம். அதைவிடத் தெளிவாக அந்த ஆராய்ச்சியை எந்த நூலும் சொல்லியதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்குழுவினர் புரோட்டான் சிதைந்ததோ என்று கருதத்தக்க சில நிகழ்ச்சிகளைக் கண்டு அறிவித்தனர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆயிரக்கணக்கான டன் நீரைக் கொண்டு அமைத்த பெரிய கருவிகள் அதை உறுதி செய்யவில்லை. புரோட்டானின் வாழ்நாள், 1 என்ற எண்ணின் பின் 34 சுழிகளை இட்டால் வரும் ஆண்டுகளையும் மிஞ்சும் என்பதே இன்றைய அளவு. விஞ்ஞானத்தின் நேர்மை இதில் விளங்குகின்றது. கண்டதை அறிவிக்க வேண்டும். பிறர் சோதிக்க இடங்கொடுக்க வேண்டும். சோதனையின் தீர்ப்புக்குத் தலைவணங்க வேண்டும். மாணவச் செல்வங்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

உலகம் கண்ட விந்தைகள்

கோலாரில் ஏற்றிய விளக்கைக் கொண்டு உலகம் பிறகு எவ்வளவோ கண்டது. நான்கைந்தை மட்டும் சொல்கின்றேன்.

அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கத்தில், ரேமண்டு டேவிஸ் என்பவர் சுமார் 3,80,000 லிட்டர் துணி வெளுக்கும் திரவத்தைத் தொட்டியில் நிரப்பி, கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்களைப் பல ஆண்டுகள் எண்ணினார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே அகப்பட்டது. மறுபடியும் கணக்கில் துண்டு! கதிரவனைப் பற்றிய கணிப்புத் தவறோ, டேவிஸின் எண்ணிக்கை தவறோ என்று முப்பது ஆண்டுகள் வாதம் நடந்தது.

1987ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், அண்டை விண்மீன் கூட்டத்தில் ஒரு விண்மீன் வெடித்த செய்தி பூமியை எட்டியது. அந்த ஒளி 1,60,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வந்தது. வானியலார் ஒளியைக் காணும் முன்பே, ஜப்பானின் காமியோகா சுரங்கத்திலும் அமெரிக்காவின் ஓர் உப்புச் சுரங்கத்திலும் ருசியாவின் மலைக் குகையிலும் இருந்த கருவிகள் அவ்வெடிப்பின் நியூட்ரினோக்களை உணர்ந்தன. மூன்று இடத்திலும் சேர்த்து அகப்பட்டவை இருபதுக்குச் சற்று மேல். அந்தச் சிறு கையளவைக் கொண்டு, விண்மீன் எவ்வாறு மடிகின்றது என்பதை மனிதன் கற்றான்.

1998இல் அதே காமியோகாவில் 50,000 டன் நீர்த்தொட்டி ஒரு புதிரை விடுவித்தது. அது எண்ணியது காற்று மண்டலத்து நியூட்ரினோக்களை. அதாவது நம் சாம்பியன் ரீப்பில் முதலில் கண்ட அதே இனத்தை. தலைக்கு மேலிருந்து வந்தவை கணக்குப்படி இருந்தன. பூமியைக் கடந்து காலுக்குக் கீழிருந்து வந்தவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. காரணம் என்ன? நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. நீண்ட பயணத்தில் ஒரு வகை மற்றொரு வகையாக மாறிவிடுகின்றது. பங்காரப்பேட்டையில் வெள்ளைச் சட்டையோடு ஏறியவர் சென்னையில் நீலச் சட்டையோடு இறங்கினால், வெள்ளைச் சட்டைக்காரரை மட்டும் எண்ணும் சீட்டுப் பரிசோதகருக்கு ஆள் குறையத்தானே செய்யும்? கனடாவின் சட்பரி நிக்கல் சுரங்கத்தில் 2001, 2002 ஆண்டுகளில் கதிரவன் நியூட்ரினோக்களிலும் இது மெய்ப்பிக்கப்பட்டது. டேவிஸின் எண்ணிக்கை சரியென்றாயிற்று. 2002இல் அவருக்கும் ஜப்பானின் கோஷிபாவுக்கும், 2015இல் கஜிட்டா, மக்டொனால்டு இருவருக்கும் நோபெல் பரிசின் சிறப்புக் கிட்டியது.

தென்துருவப் பனிக்கட்டியையே கருவியாக்கி, ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் 5,160 ஒளியுணர் கோளங்களைப் புதைத்துள்ளனர். அது தொலைவான விண்வெளியிலிருந்து வரும் நியூட்ரினோக்களை 2013இல் உலகுக்கு அறிவித்தது. இத்தாலியின் சிசிலித் தீவை ஒட்டிய ஆழ்கடலில் 2023 பிப்ரவரி 13இல், அதுவரை எங்கும் கண்டிராத பெருஞ்சக்தியுடைய நியூட்ரினோ ஒன்றின் தடம் பதிந்தது. 2025இல் அச்செய்தி வெளியாயிற்று. அது எங்கே பிறந்தது என்பது இன்னும் விடுபடாத புதிர்.

நம் தமிழகத்துச் செய்தியும் ஒன்று உண்டு. கோலாரில் தொடங்கிய டாடா நிலையம், ஒசாகா ஆகியவற்றின் நட்பு உதகமண்டலத்தில் தொடர்ந்தது. அங்குள்ள அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் 2014 டிசம்பர் 1ஆம் நாள் ஓர் இடிமேகம் தலைக்கு மேல் சென்றபோது மியூவான்கள் சற்றுக் குறைந்ததைக் கண்டது. அதைக் கொண்டு அம்மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணித்து 2019இல் வெளியிட்டனர். இடிமேகத்தில் அவ்வளவு மின்னழுத்தம் இருக்கும் என்று அதற்கு முன் எவரும் அளந்து காட்டியதில்லை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்ததை அதிசயமாகப் பேசிய பாட்டனார்கள் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்களோ!

இதனால் பயன் என்ன?

“இதெல்லாம் சரி, இதனால் நமக்கு ஒரு படி அரிசி கிடைக்குமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், விடியுமுன் எழுந்து பெங்களூர் வண்டியைப் பிடித்து, இருட்டியபின் வீடு திரும்பும் நம் இளைஞர்களின் முகத்தை நாள்தோறும் காண்பவன் நான். அவர்களிடம் நியூட்ரினோவைப் பற்றி உயர்வாகப் பேச எனக்கே கூச்சமாக இருக்கும். நேரடியாக அரிசி கிடைக்காது. எலக்ட்ரானைக் கண்டபோதும் எவர்க்கும் அரிசி கிடைக்கவில்லை. இன்று அதனை நம்பிப் பிழைக்காத வீடில்லை. நியூட்ரினோவும் அப்படியாகும் என்று நான் உறுதி கூறமாட்டேன். அறிவுக்கு உடனடி விலை கேட்கலாகாது என்று மட்டும் சொல்வேன்.

மற்றொரு கேள்வி தேனி மாவட்டத்திலிருந்து எழுகின்றது. கோலாரில் ஆராய்ச்சி நின்றபின், போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் அருகே சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவியை அமைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அவ்வட்டார மக்கள் எதிர்த்தனர்; வழக்குகள் நடந்தன; புலிகள் நடமாடும் வழி பாதிக்கப்படும் என்று காட்டி, தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. பணி தொடங்கவில்லை.

இவ்வழக்கில் நம் ஊர் சொல்லத்தக்க சாட்சியம் ஒன்று உண்டு என்று எண்ணுகின்றேன். நியூட்ரினோ நஞ்சன்று. அது கருவி வைத்தாலும் வரும், வைக்காவிட்டாலும் வரும். நம் அடியில் அதை ஆராய்ந்த காலத்தில் அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. அந்த அச்சம் வேண்டியதில்லை. ஆனால் பாறையை வெடித்தலும், கல்லைக் குவித்தலும், நீரோட்டம் மாறுதலும், காட்டு வழி அடைபடுதலும் வேறு செய்திகள். வெடி என்றால் என்ன, பாறை நெகிழ்ந்தால் என்ன, குவித்த மண் காற்றில் பறந்தால் என்ன என்று சயனைட் மேட்டின் நிழலில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தேனி மக்கள் அவற்றைக் கேட்பது அறிவுக்குப் பகையாகாது. விஞ்ஞானிகள் அவர்கள் வாசலில் அமர்ந்து, அவர்கள் மொழியில், முதலிலேயே விடை சொல்லியிருக்க வேண்டும். துகளைப் பற்றிய வீண் அச்சத்தையும் மலையைப் பற்றிய உண்மைக் கவலையையும் வேறு பிரித்துப் பேசினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

நாம் செய்யத்தக்கது

ஹோம்ஸ்டேக் சுரங்கத்தைக் குறிப்பிட்டேன் அல்லவா? அதுவும் நம் சுரங்கத்தைப் போலவே மூடப்பட்டது, 2002ஆம் ஆண்டில். நீரிறைக்கும் பம்புகளை நிறுத்தினர், நீர் ஏறியது. ஆனால் சில ஆண்டுகளில் அந்த மாநிலத்தார் மீண்டும் பம்புகளை இயக்கி, நீரை வெளியேற்றி, அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினர். டேவிஸ் நின்ற இடத்தில் இன்று இளம் விஞ்ஞானிகள் நிற்கின்றனர். நம் சுரங்கத்திலும் நீர் ஏறியது. நம் 7,600 அடி அறை நீருக்குள் கிடக்கின்றது. அதை மீட்க எவ்வளவு செல்வம் வேண்டும், அது பாதுகாப்பாகுமா என்பதெல்லாம் வல்லுநர் ஆராய வேண்டியவை. அதைக் கேட்டு நான் இங்கே தீர்மானம் கொண்டுவரப் போவதில்லை.

நீரை வெளியேற்ற நம்மால் ஆகாது. நினைவு நீரில் மூழ்காமல் காக்க நம்மால் ஆகும். 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில் விஞ்ஞானிகளின் பெயர்கள் உள்ளன, அது முறையே. ஆனால் அந்தக் கருவிகளைத் தோளில் சுமந்தவர் யார்? கேஜை இறக்கியவர் யார்? அறையைக் குடைந்து மரம் முட்டுக் கொடுத்தவர் யார்? மின்கம்பி இழுத்தவர் யார்? அவர்கள் நம் லைன்களில் வாழ்ந்தவர்கள். 1965இல் இருபது வயதாயிருந்தவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. 1980இல் இரும்பை இறக்கியவர்கள் பலர் நம்மிடையே இருக்கின்றனர். இந்த மண்டபத்திலும் சிலர் அமர்ந்திருக்கக்கூடும். ஆண்டுதோறும் அவர்கள் தொகை குறைகின்றது.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, நம் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இருவர் இருவராகச் சென்று, அம்மூத்தோரைக் கண்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது, அவற்றை அடுத்த ஆண்டு மலரில் பெயரும் பணியும் ஆண்டும் குறித்து அச்சிட வேண்டும். மூன்றாவது, சங்க நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கி, பழைய விளக்கு, தலைக்கவசம், வேலைச்சீட்டு, புகைப்படம் எதுவாயினும் வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை. என் தந்தையார் வைத்திருந்த வேலைச்சீட்டை முதற்பொருளாக நான் இன்றே செயலாளரிடம் ஒப்படைக்கின்றேன்.

மாணவர்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். வெளியூரில் உங்களை எவரேனும், “மூடிப்போன சுரங்கத்து ஊர்தானே?” என்று கேட்டால் தலை குனியாதீர்கள். கதிரவனின் நடுவைக் காணும் கலைக்கு அகரம் எழுதிய ஊர்களுள் ஒன்று எங்கள் ஊர் என்று சொல்லுங்கள். சொல்வதோடு நில்லாமல், அக்கலையை நன்கு கற்றுத் தேர்ந்து, ஒரு நாள் இதே மேடையில் ஏறி, இந்த மெட்ரிகுலேட் சொன்னவற்றினும் தெளிவாகவும் திருத்தமாகவும் சொல்லுங்கள். அன்று நான் முன்வரிசையில் அமர்ந்து கேட்பேன்.